கொம்பியூட்டர் சொல்லல்ல

எங்கள் நெல் மில்லில் கொம்பியூட்டர் மேல் பழி போடுகிற வசதி இல்லாமல் போனது அந்த மிஸ் வந்த பிறகுதான். அதற்கு முன்னால் அது எவ்வளவு உபகாரமான சாமான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நெல் கொண்டுவந்த ஒருவர் விலை ஏன் குறைந்தது என்று கேட்டால், மனேஜர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுவார். அவருக்கும் வாசிக்கத் தெரியாது, மனேஜருக்கும் விளக்கத் தெரியாது, விஷயம் முடிந்தது. அரிசி கேட்டு வந்த கடைக்காரரிடம் "கொம்பியூட்டர்ல ஏறல்லயே" என்றால் அவரும் ஏதோ பெரிய இடத்து உத்தரவு போலத் தலையாட்டிவிட்டுப் போவார். டீக்கடையில் இருந்து சுணங்கி வந்த நாட்களில் நான்கூட அதைத்தான் காரணம் காட்டியிருக்கிறேன்.

எனக்கும் அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் கேட்டில் நிற்கிறவன். உழவு மெசின்கள் பின்னால் இழுத்து வருகிற பெட்டிகளில் இருக்கும் நெல் மூட்டையில் கூர்க்குழாயைக் குத்தி, ஒரு பிடி நெல் எடுத்து, ஈரம் பார்க்கும் மீட்டரில் போட்டு, அது காட்டுகிற எண்ணை ஆபீசுக்குப் போனில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதினை என்னைத் திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டது உண்மைதான். ஆனால் மீட்டரில் வருகிற எண்ணை வாசிக்க அந்தப் படிப்புப் போதும்.

மிஸ் மருதமுனையில் இருந்து பஸ்ஸில் வருவார். எங்கள் மில் காரைதீவில் இருந்து மாவடிப்பள்ளிக்குப் போகிற வீதியில் இருக்கிறது. கறுப்பு அபாயா, தோளில் ஒரு கன்வஸ் பை, முகத்தில் எந்நேரமும் யாரோ சொல்லாமல் விட்ட மீதியைக் கேட்கக் காத்திருப்பது போல ஒரு பார்வை. வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் எல்லோரும் கொம்பியூட்டர் மிஸ் என்றுதான் சொன்னோம்.

மில் முதலாளி ஹாஜியார்தான் அவரைக் கூப்பிட்டவர். அக்கரைப்பற்றில் ஒரு மில்லில், எப்போது நெல் வாங்குவது, எப்போது அரிசி விற்பது என்றெல்லாம் கொம்பியூட்டரே சொல்கிறதாம் என்று ஹாஜியாருக்கு யாரோ காதில் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவருக்கும் அது வேண்டும்.

"முடிவெடுக்கிற மெசின் ஒண்டு செஞ்சு தாங்க புள்ள" என்றார், மிஸ் வந்த முதல் நாள்.

"முடிவெடுக்கிற மெசின் இல்ல ஹாஜியார். முடிவெடுக்க ஒதவுற மெசின்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வித்தியாசம் நீங்கதான்."

ஹாஜியார் இதைப் புகழ்ச்சி என்று நினைத்துச் சிரித்தார். அது புகழ்ச்சி இல்லை என்பது எங்களுக்குப் போகப் போகத்தான் விளங்கியது.

மிஸ் வந்ததும் பெட்டியைத் தட்டப்போகிறார் என்று நாங்கள் பார்த்திருந்தோம். அவர் பெட்டியைத் தொடவே இல்லை. ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் ஹாஜியாருக்கு முன்னால் போட்டு இருந்துகொண்டார். நாள்கணக்காக ஒரே விசாரணை.

"நெல்லுக்கு எப்பிடி ஹாஜியார் வெல வெப்பீங்க?"

"மனசுல படும்."

"என்னத்தப் பார்த்தாப் படும்?"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். வாழ்க்கையில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. "வானத்தப் பாக்கிற. நெல்லக் கடிச்சுப் பாக்கிற. அக்கரப்பத்துல என்ன வெல போகுது எண்டு போன் அடிச்சுக் கேக்கிற. மறுவா ஸ்டோர்ல எவ்வளவு கெடக்கு எண்டு பாக்கிற."

"பொறவு?"

"பொறவு மனசுல படும்."

வானம், கடித்த நெல், அக்கரைப்பற்று விலை, ஸ்டோர் இருப்பு எல்லாம் மிஸ்ஸின் பெட்டிக்குள் போயின. பழைய போகங்களில் நாங்கள் வாங்கியது, விற்றது, கெட்டுப்போனது எல்லாம் போயின. நெல் காயவைக்கிற மெசின் ஒரு நாளைக்கு எவ்வளவு ஈரத்தை எடுக்கும் என்பதும் போனது. கடைசிச் சாமானை மட்டும் அவர் போடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"மனசு உள்ளுக்குப் போடுற சாமான் இல்ல தம்பி. அது வெளியதான் இரிக்கணும்."

அந்த ஏற்பாடு வேலை செய்யத் தொடங்கியபோது எனக்கே அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. திரையில் சில கட்டங்கள் இருக்கும். நாளைக்கு மழை என்று ஒரு கட்டத்தில் போட்டால் மற்றக் கட்டங்கள் எல்லாம் ஓடி மாறும். விலை இறங்கினால் என்ன, மெசின் பழுதானால் என்ன, லொறி வராவிட்டால் என்ன என்று நடக்காததை எல்லாம் நடந்த மாதிரிப் போட்டுப் பார்க்கலாம். மழை நாளில் கேட்டில் எனக்கு வேலை குறைவு.

"மிஸ், இண்டைக்கி கொஞ்சம் மழ போட்டு விடுங்க" என்பேன்.

"போடுறன். சம்பளக் கட்டத்தையும் அப்பிடியே பாத்திட்டுப் போ" என்பார். சிரிக்காமல் சொல்வார். அவர் சிரிக்காமல் சொல்வதுதான் என்னைத் திரும்பத் திரும்ப அந்த ஆபீசுக்கு இழுத்தது.

எந்தக் கேள்வியை அந்தப் பெட்டியிடம் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பு. டீசல் எப்போது முடியும் என்பதை அதுவே சொல்லும், மனிதன் யோசிக்கத் தேவையில்லை. அரிசியை இந்த வாரம் விற்பதா அடுத்த வாரம் விற்பதா என்பதில் அது கணக்கைக் காட்டும், நாம் யோசிக்க வேண்டும். மூட்டை தூக்குகிற ஆட்களில் யாரை நிறுத்தலாம் என்று மனேஜர் ஒரு நாள் கேட்டு வந்தார். மனேஜர் ஹாஜியாரின் மருமகன், தங்கச்சி மகன். கெட்டவர் இல்லை. யாரிடமும் முகத்துக்கு நேரே எதையும் சொல்லமாட்டாதவர், அவ்வளவுதான்.

"இதுக்கு இதுல கட்டம் இல்ல" என்றார் மிஸ்.

"ஒரு கட்டம் போட ஏலாதா?"

"ஏலும். போட மாட்டன். ஆர நிப்பாட்டப் போறீங்களோ அவர்ர பேரச் சொல்லுங்க, நான் கூட்டிட்டு வாறன். நீங்களே சொல்லுங்க."

மனேஜர் டீ குடிக்கப் போய்விட்டார். யாரும் நிறுத்தப்படவில்லை.

மிஸ்ஸிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. பெட்டி வழிகளைக் காட்டி முடித்ததும் அவர் கதிரையில் இருந்து எழும்பிவிடுவார். யார் முடிவெடுக்க வேண்டுமோ அவரைத் திரைக்கு முன்னால் இருத்திவிட்டு, தான் ஜன்னல் ஓரம் நிற்பார். ஹாஜியாருக்கு அது முதலில் கூச்சமாக இருந்தது. "நீங்க இரிங்க புள்ள, எனக்கு எங்க இதெல்லாம் வெளங்குது" என்பார். மிஸ் அசையமாட்டார். ஒரு நாள் அவர் பாஷையிலேயே சொன்னார்.

"பள்ளிவாசல்ல கூடி மஷூரா செய்றீங்க. எல்லாரும் அவங்கட கருத்தச் சொல்றாங்க. கடைசியா முடிவு சொல்றது ஆரு?"

"அமீர்."

"இது மஷூராவுல வந்து குந்தியிருக்கிற ஒராள் ஹாஜியார். நல்லாக் கணக்குத் தெரிஞ்ச ஆள். அமீர் இல்ல."

இது ஹாஜியாருக்குப் பிடித்துப்போனது. அஸர் தொழுது வருகிற வழியில் எல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் சொல்வது வேறு, செய்வது வேறு. அந்த நாட்களில் திரையில் வழிகளுக்குப் பக்கத்தில் நிறம் இருந்தது. நல்லது பச்சை, யோசிக்க வேண்டியது மஞ்சள், நட்டம் சிவப்பு. ஹாஜியார் மெல்ல மெல்ல எழுத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் பார்க்கத் தொடங்கினார். கேட்டுக்குள் வரும்போதே "இண்டைக்கி என்ன கலர்?" என்று என்னிடம் கேட்பார், ஏதோ நான் வானவில் வைத்திருக்கிற மாதிரி.

அக்கரைப்பற்றில் ஒரு ஸ்டோரை வாடகைக்கு எடுக்கிற யோசனை வந்தது அப்போதுதான். பெரிய காரியம். ஹாஜியார் இஸ்திகாரா தொழுதார். ஒரு காரியத்தில் எது ஹைர், எது நல்லது என்று அல்லாஹ்விடம் கேட்கிற தொழுகை அது. எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்கும் காணிக்கும் அது தொழாமல் கால் வைக்கமாட்டார்கள். தொழுதுவிட்டு, விடியச் சுபஹ் தொழுகையோடு நேரே மில்லுக்கு வந்து, தானே பெட்டியைப் போட்டுப் பார்த்தார். பச்சை.

"அல்ஹம்துலில்லாஹ், பதில் வந்திட்டு" என்று மில் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூட்டை தூக்குகிறவர்களுக்கு டீயும் வடையும் கொடுக்கச் சொன்னார். நானும் இரண்டு வடை சாப்பிட்டேன். மிஸ் வந்து விஷயத்தைக் கேட்டதும் பையைத் தோளில் இருந்து இறக்காமலே நின்றார்.

"ஹாஜியார், அந்த ஸ்டோர்ர வாடகைய நேத்து நான்தான் கட்டத்துல போட்ட. கூட்டிப் போட்டிருந்தா என்ன வந்திருக்கும்?"

"செவப்பு வந்திருக்கும்."

"அப்ப அல்லாஹ்ட பதிலும் செவப்பாகியிருக்குமா?"

ஹாஜியார் கையில் இருந்த டீயை மேசையில் வைத்தார். "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார், மிக மெதுவாக. மிஸ்ஸும் சங்கடப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அன்று முழுக்க இருந்து நிறங்களை எல்லாம் அவர் எடுத்துவிட்டார். ஒவ்வொரு வழிக்குப் பக்கத்திலும் அதில் என்ன கிடைக்கும், எது கைவிட்டுப் போகும் என்று எழுத்தில் மட்டும் வரும். கீழே, முடிவெடுத்தது யார் என்று ஒரு கட்டம். அதில் பெயர் அடிக்காமல் அடுத்த பக்கம் திறக்காது.

"எங்கட மிஸ் கலரக் களட்டிட்டா. இப்ப வாசிச்சுப் பாத்துத்தான் முடிவெடுக்க வேண்டிக் கெடக்கு" என்று ஹாஜியார் வருகிறவர்களிடம் குறைப்பட்டார். பாதி பகிடி, பாதி உண்மை.

இந்த மனிசியை ஒரு நாளாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரு பகல் சாப்பாட்டு நேரம் போய், "மிஸ், எனக்கும் ஒரு பொண்ணு பார்த்துச் சொல்லச் சொல்லுங்க இதுக்கிட்ட" என்றேன்.

அவர் சாப்பாட்டுப் பார்சலை ஒதுக்கி வைத்தார். "என்னென்ன வேணும், சொல்லு."

நான் விடவில்லை. வெள்ளையா இருக்கணும், ஓதியிருக்கணும், டீச்சரா இருந்தா நல்லம், சொந்த ஊடு இருக்கணும், மாமி வாய்க்காரியா இருக்கக் கூடாது என்று அடுக்கினேன். பக்கத்தில் மனேஜர் சிரித்துக்கொண்டிருந்தார். மிஸ் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "சரி, இதுல எது இல்லாட்டியும் பரவால்ல?" என்றார்.

"எல்லாம் வேணும் மிஸ்."

"எல்லாம் வேணும் எண்டா அது ஆச தம்பி. எத விடுவாய் எண்டு சொல்லு. அதத்தான் முடிவு எண்டு சொல்ற."

எனக்கு அன்று அது விளங்கவில்லை. மாமியை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேட்டுக்கு வந்த பிறகுதான், உள்ளே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்த மாரிப்போக அறுவடையில் வரக்கூடாத மழை வந்தது. வயலில் கதிர் சாய்ந்துவிட்டது. வெட்டு மெசின் இறங்கிய வயல்களில் நெல் ஈரத்தோடே மூட்டையாகியது. ஈர நெல்லை மூட்டையில் வைத்திருக்க முடியாது. சூடேறும், மணக்கும், பிறகு முளைக்கும். காயவைக்க வெயிலும் இல்லை. காயவைக்கிற மெசின் இருக்கிற மில்லுக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தப் பக்கத்தில் அப்படி மெசின் இருந்த ஒரே மில் எங்களுடையது. விடிந்து பார்த்தால், கேட்டில் இருந்து வளைவு வரைக்கும் உழவு மெசின்கள் நிற்கின்றன.

அந்த வரிசையில் என் மச்சானும் நின்றார். என் ராத்தாவின், அதாவது அக்காவின், புருஷன். மாவடிப்பள்ளி வயல் வட்டையில் காணிக்காரப் போடியார் ஒருவரின் வயலைக் குத்தகைக்குச் செய்கிறவர். இந்தப் போகம் குத்தகை நெல்லைச் சரியாகக் கொடுக்காவிட்டால் வயலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று போடியார் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மச்சானுக்கு அந்த உழவு மெசின் பெட்டியில் இருந்த நெல்தான் வயல், அதுதான் அடுத்த வருஷம். வெட்டு மெசின் அவர் வயலுக்குச் சுணங்கி வந்தபடியால் வரிசையில் பின்னுக்கு நின்றார்.

நான் குழாயைக் குத்திக் குத்தி எண்ணைச் சொன்னேன். ஒன்றுகூட நல்ல எண் இல்லை. மிஸ் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். பெட்டி மூன்று வழி காட்டியது. எல்லா நெல்லையும் எடுத்தால் மெசினுக்கு ஏலாது, மீதியை ஸ்டோரில் குவிக்க வேண்டி வரும், அது சூடேறி ஏற்கனவே கிடக்கிற நல்ல நெல்லையும் கெடுக்கும். ஒன்றையும் எடுக்காவிட்டால் மில்லுக்கு நட்டம் இல்லை. கேட்டுக்கு உள்ளே வந்துவிட்ட நெல் பெட்டிகளை மட்டும் எடுத்தால் அவற்றைக் காயவைத்துவிடலாம். வெளியே நிற்பவை போகட்டும்.

ஹாஜியார் அப்போது உம்ரா செய்ய மக்காவுக்குப் போயிருந்தார். மிஸ் போன் எடுத்து, எங்களுக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"கொம்பியூட்டர் என்ன சொல்லுது?" என்றார் ஹாஜியார்.

"மூண்டு வழி காட்டுது ஹாஜியார். ஒண்ட நீங்கதான் சொல்லணும்."

"அது எது நல்லம் எண்டு சொல்லுதோ அதச் செய்யிங்க புள்ள. நான் இஞ்ச ஹரத்துல நிக்கன்."

"அது அப்பிடிச் சொல்லாது ஹாஜியார். ஆக்கள் கேட்ல நிக்காங்க."

"அல்லாஹ் போதுமானவன். துஆச் செய்றன்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். திரும்ப எடுத்தோம். எடுக்கவில்லை.

மனேஜர்தான் அடுத்த பெரியவர். அவர் கையை உதறிக்கொண்டு எழும்பினார். "நான் ஒண்டும் சொல்ல மாட்டன். பிறிண்ட் எடுத்து கேட்ல ஒட்டுவம். கொம்பியூட்டர் கணக்குப்படி இனி நெல் எடுக்கப்படமாட்டாது எண்டு."

"ஒட்டுற இல்ல" என்றார் மிஸ்.

"ஏன் மிஸ்?"

"பேப்பருக்கிட்ட ஆரும் ஏன் எண்டு கேக்க ஏலா."

அவர் ஜன்னல் பக்கம் போய், நிற்கிற உழவு மெசின்களைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, முடிவெடுக்கிறவர்களை இருத்துகிற அந்தக் கதிரையில் தானே இருந்தார். கட்டத்தில் தன் பெயரை அடித்தார். உள்ளே இருப்பதை எடுப்பது, வெளியே இருப்பதை விடுவது.

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். "மிஸ், வெளிய என்ட மச்சான் நிக்கார். அவர்ர ஒரு பெட்டிய மட்டும் எடுங்க. ஒண்டுதானே."

"எடுக்கலாம் தம்பி" என்றார். நான் எதிர்பார்க்கவில்லை. "உள்ளுக்க நிக்கிறதுல எதத் திருப்பி அனுப்புற? நீ போய்ப் பாத்து, அந்த ஆளுக்கிட்டச் சொல்லிட்டு வா. நான் மாத்துறன்."

போனேன். முற்றத்தில் நின்ற பெட்டிகளைச் சுற்றி வந்தேன். ஒன்றில் வாப்பாவும் மகனும் மழைக்கு மூடிய படங்கின் நான்கு மூலையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள், கட்டக் கயிறு இல்லை. ஒன்றில் ஒருவர் மூட்டை மேலேயே உட்கார்ந்து நித்திரை. இன்னொன்றில் ஒரு பெண் மூட்டைக்குள் கை விட்டு, சூடு ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆபீசுக்குத் திரும்பிப் போகவில்லை.

மிஸ் கேட்டுக்கு வந்தார். குடை பிடிக்கவில்லை. வரிசையில் நின்ற எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"உள்ளுக்க வந்த நெல்ல மட்டுந்தான் எடுக்கிற. இதுக்குப் பொறவு எடுக்க ஏலா" என்றார்.

"ஆரு சொன்ன?"

"நான்."

"கொம்பியூட்டர்ல அப்பிடி வந்திட்டா?" என்று கேட்டார் முன்னால் நின்ற ஒரு காக்கா, வயதில் மூத்தவர்.

"கொம்பியூட்டர் சொல்லல்ல காக்கா. அது கணக்கக் காட்டின. வேணாம் எண்டது நான்."

"நீ என்ன ஹாஜியார விடப் பெரியாளா? அவர் இருந்திருந்தா எடுத்திருப்பார்."

"எடுத்திருப்பார். எடுத்துக் குமிச்சா உங்கட நெல்லும் கெடும், உள்ளுக்க நிக்கிறவங்கட நெல்லும் கெடும். கெட்ட நெல்லுக்கு ஆரும் வெல தரமாட்டாங்க. அதவிட இப்பவே போனீங்க எண்டா வேற எடம் பாக்க நேரம் இரிக்கி."

பின்னால் இருந்து ஒருவர் சொன்னார், "பொம்புளக்கிட்ட மில்லக் குடுத்தா இப்பிடித்தான்." இன்னொருவர் மூட்டையில் இருந்து ஈர நெல்லை அள்ளி அவர் காலடியில் எறிந்தார். அது அபாயாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. மிஸ் அதைத் தட்டவில்லை. மில்லில் இருந்த படங்கு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கல்யாண மண்டபங்களுக்குப் போன் அடித்து, காற்றாடி போட்டு நெல் பரத்த இடம் கேட்டார். சிலருக்குக் கிடைத்தது. கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும், ஏச்சு எல்லாவற்றுக்கும் அங்கேயே நின்று பதில் சொன்னார். கடைசி உழவு மெசின் திரும்பும் வரைக்கும் உள்ளே போகவில்லை.

மச்சான் அவரிடம் போகவில்லை. என்னிடம்தான் வந்தார்.

"நீ சொல்லிப் பாக்கல்லயா மச்சான்?"

"சொன்ன."

"அதுக்கு?"

நான் முற்றத்தில் நின்ற பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டுப் போய் மெசினைத் திருப்பினார்.

உள்ளே எடுத்த நெல் காய்ந்தது. ஒரு மூட்டை பிழைபோகவில்லை. மச்சானுக்கு மண்டபத்தில் இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்குள் கட்டிலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அறையில், குசினியில், எல்லா இடத்திலும் நெல்லைப் பரத்தினார்கள். ராத்தாவும் பிள்ளைகளும் அதை இரவும் பகலும் காலால் கிளறினார்கள். மழை விடவில்லை. நெல் முளைத்தது. கோழித்தீனுக்கு என்று ஒருவர் வந்து பாதியை அள்ளிக்கொண்டு போனார். போடியார் சொன்ன சொல் மாறாமல் வயலை வேறு ஆளுக்குக் கொடுத்தார்.

ஹாஜியார் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் கொண்டு திரும்பி வந்தார். அவரைப் பார்க்க வந்தவர்களில், அன்று திரும்பிப் போன சிலரும் இருந்தார்கள். அவர் ஒவ்வொருவர் கையிலும் பழம் வைத்து, "என்ன செய்ற, கொம்பியூட்டர் அப்பிடிச் சொல்லிட்டு" என்றார். உண்மையில் வருத்தத்தோடுதான் சொன்னார்.

மிஸ் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "கொம்பியூட்டர் சொல்லல்ல ஹாஜியார். நீங்க சொல்லல்ல, அதால நான் சொன்ன."

வந்தவர்கள் பழத்தை வாயில் வைக்காமல் ஹாஜியாரைப் பார்த்தார்கள். ஹாஜியார் தரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு மிஸ்ஸால் அங்கே இருக்க முடியாது என்பது எனக்கே விளங்கியது. அந்த மாதம் முடியும்போது மனேஜர் வந்து, "அக்கரப்பத்துல இருந்து ஒரு பொடியன் வாறானாம், இனி அவன் பாப்பான் எண்டு மேல நெனக்காங்க" என்றார்.

"மேல எண்டா ஆரு?" என்றார் மிஸ்.

மனேஜர் கூரையைப் பார்த்தார்.

"அவர வந்து சொல்லச் சொல்லுங்க. நான் இரிக்கன்."

பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. தொழுகை முடிந்தது. ஹாஜியார் வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மிஸ்ஸுக்கு முன்னால் நின்றார்.

"நான்தான் புள்ள. இனி வேணாம் எண்டது என்ட முடிவு. சனத்துக்கு முன்னால எனக்கு அது தாங்க ஏலாமப் போயிட்டு."

மிஸ் எழும்பினார். "ஜஸாகல்லாஹ் ஹைர் ஹாஜியார்" என்று நன்றி சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை. யாரோ தனக்குக் கொடுக்க வேண்டியதைச் சரியாகக் கொடுத்துவிட்ட மாதிரிச் சொன்னார். ஹாஜியாரின் கண் கலங்கியது.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தார். "உன்ட ராத்தாட ஊடு எங்க தம்பி?"

"ஏன் மிஸ்?"

"பாக்கணும்."

போக வேண்டாம் என்றேன். ராத்தாவின் வாய் எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. நான் கூட்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்குள் இன்னும் அந்தப் புளித்த மணம் போகவில்லை. மூலையில் விற்காமல் கிடந்த ஒரு மூட்டை. மிஸ் அதன் வாயைத் திறந்து கையை உள்ளே விட்டார். வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, நெல் கட்டியாக வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, "நான்தான் அண்டைக்கி வேணாம் எண்ட" என்றார்.

ராத்தா தொடங்கினார். அந்த ஏச்சை நான் இங்கே எழுதவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இருந்து மச்சானின் முதுகுவலி வரைக்கும், அந்த அறையில் கிளறின கால்களின் புண் வரைக்கும் ஒன்றும் மிச்சம் இல்லை. நான் தடுக்கப் போனேன். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். மிஸ் ஒரு இடத்திலும் குறுக்கே கதைக்கவில்லை. ராத்தா களைத்துப்போய் நிலத்தில் இருந்தார்.

"ஹாஜியார்ட ஊட்டுக்குப் போன. மனேஜருக்கிட்டப் போன. எல்லாரும் அந்தப் பெட்டியத்தான் காட்டுறாங்க" என்றார். "பெட்டிக்கு ஏச ஏலுமாகா? ஆருக்கிட்டப் போய் ஏசுற எண்டு இவ்வளவு நாளும் நெஞ்சு வெடிச்சுக் கெடந்த. நீ வந்திட்டாய்."

"ஏசுங்க ராத்தா" என்றார் மிஸ்.

"போதும். டீ ஊத்துறன், குடிச்சிட்டுப் போ."

குடித்தார். முழுவதும் குடித்தார். வெளிக்கிடும்போது ராத்தா வாசல் வரைக்கும் வரவில்லை. மச்சான்தான் வந்து செருப்பை ஒதுக்கிக் கொடுத்தார்.

பஸ் தரிப்பில் நாங்கள் இருவரும் நின்றோம். வட்டையில் அடுத்த போகத்துக்கு உழவு தொடங்கியிருந்தது. மச்சானின் பழைய வயலில் யாரோ ஒருவரின் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. மிஸ் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் செஞ்சது சரியா தம்பி?"

அவர் என்னிடம் ஒன்றைப் பற்றிக் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தரம். "மில்லுக்குள்ள நிண்டு பாத்தா சரி மிஸ். அந்த ஊட்டுக்குள்ள நிண்டு பாத்தா பிழை."

"நீ எங்க நிண்டு பாக்கிற?"

அவர் ஊர்ப்பக்கம் போகிற கல்முனை பஸ் வளைவில் திரும்பி வந்தது. அவர் கை காட்டவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நான் இப்ப அந்த ஊட்டுக்குத்தான் போறன் மிஸ்."

"போ" என்றார். "ராத்தா தனிய அழுவா."

பஸ் போனது. நான் திரும்பி நடந்தேன்.